நாடக ரசனைப் பாடத்தைப் படிப்பது எப்படி: முதன்முறையாக எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரியில் நாடக ரசனை என்னும் அறிமுகப் பாடத்தில் சேர்பவர்களில் பெரும்பாலோர் நாடகத்தைத் தொழிலாகக் கொள்ளப் போகிறவர்கள் அல்லர். வணிகவியலோ கணிதமோ உயிரியலோ முதன்மைப் பாடமாக இருக்க, கலைப் பிரிவிலிருந்து ஒரு பாடமாவது எடுத்தாக வேண்டும் என்ற விதிக்காக இதைத் தேர்ந்தெடுத்தவர்களே வகுப்பில் மிகுதியாக இருப்பார்கள். மேடையேறி நடிக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம் சிலருக்கு இருக்கும். நாடகம்தானே, படம் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு நாலு வரி எழுதினால் போகிறது என்ற எண்ணம் வேறு சிலருக்கு இருக்கும். இந்த இரண்டையும் முதல் நாளே இறக்கி வைத்துவிடலாம். இந்தப் பாடம் உங்களை நல்ல பார்வையாளராக்கும் நோக்கத்தோடு அமைக்கப்பட்டது. பார்வையாளராக இருப்பதும் பயிற்சியால் கைவரும் திறமைதான். அந்தப் பயிற்சியை எப்படிச் செய்வது என்பதை, பல பருவங்கள் இந்த வகுப்பை நடத்திய அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

பொதுவாக இந்தப் பாடத்தில் சில நாடகப் பிரதிகளை வாசிக்க வேண்டியிருக்கும், ஒன்றிரண்டு நாடகங்களை அரங்குக்கே போய்ப் பார்த்து விமர்சனம் எழுத வேண்டியிருக்கும், அரங்க வரலாற்றிலும் கலைச்சொற்களிலும் தேர்வு இருக்கும், சில கல்லூரிகளில் குழுவாக ஒரு சிறு காட்சியைத் தயாரிக்கவும் சொல்வார்கள். இவற்றில் மாணவர்கள் உண்மையில் தடுமாறுகிற இடம் விமர்சனம்தான். நாடகம் முடிந்து வெளியே வந்தவுடன் 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' என்ற தீர்ப்பு நாவில் வந்து நின்றுவிடுகிறது. அந்தத் தீர்ப்புக்கு முன்னால் கண் எதைக் கண்டது, காது எதைக் கேட்டது என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஆகவே பருவம் முழுவதும் நீங்கள் பழக வேண்டியது ஒரு வரிசையைத்தான்: கண்டதை முதலில் சொல்ல வேண்டும், அது உங்களுக்குள் என்ன செய்தது என்பதை அடுத்துச் சொல்ல வேண்டும், மதிப்பீட்டை அதற்குப் பிறகே தொட வேண்டும். இந்தக் கட்டுரையில் உள்ள மற்ற எல்லா யோசனைகளும் இந்த வரிசையிலிருந்து பிறந்தவைதாம்.

கலைச்சொற்களை உடம்போடு கற்றுக்கொள்ளுங்கள்

முதல் இரண்டு மூன்று வாரங்களில் கலைச்சொற்கள் வரிசையாக வந்து விழும். அவற்றை அகராதி போல மனப்பாடம் செய்தால் தேர்வன்று நினைவில் இருக்கும், அரங்கில் உதவாது. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் இடமோ ஓர் உடலோ ஒரு செயலோ இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் சொல் தானாக நிற்கும். 'தியேட்டர்' என்ற சொல் கிரேக்க மொழியின் 'தியேட்ரான்' என்பதிலிருந்து வந்தது. அதற்குப் 'பார்க்கும் இடம்' என்று பொருள். அதாவது அந்தச் சொல் முதலில் மேடையைக் குறிக்கவில்லை, மக்கள் உட்கார்ந்திருந்த படிக்கட்டுச் சரிவைக் குறித்தது. 'டிராமா' என்பது 'செய்தல்' என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்தது. செய்பவரும் பார்ப்பவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும் என்ற அடிப்படை நிபந்தனை இந்த இரண்டு சொற்களிலேயே அடங்கியிருக்கிறது. திரைப்படம் நீங்கள் பார்த்தாலும் தூங்கினாலும் ஒரே மாதிரி ஓடும். நாடகத்தில் உங்கள் சிரிப்பு அடங்கட்டும் என்று நடிகர் ஒரு கணம் காத்திருந்து அடுத்த வசனத்தைச் சொல்கிறார். நீங்கள் அமைதியாகக் கேட்கிறீர்கள் என்று தெரிந்தால் குரலைத் தாழ்த்தும் துணிவு அவருக்கு வருகிறது.

வலம், இடம் என்ற சொற்களையும் இப்படித்தான் கற்க வேண்டும். மேடையின் வலப்பக்கம் என்றால் பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகருடைய வலப்பக்கம். உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது இடப்பக்கம். மேடையின் பின்பகுதியை 'அப்ஸ்டேஜ்' என்றும் முன்பகுதியை 'டவுன்ஸ்டேஜ்' என்றும் சொல்வதற்குக் காரணம், பழைய ஐரோப்பிய மேடைகளின் தளம் பின்னாலிருந்து முன்னால் சரிந்து இறங்கியதுதான். அறையில் தரையில் ஒரு சதுரத்தைக் கோடிட்டு, அதற்குள் நின்று, நான்கு மூலைகளுக்கும் நடந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும், பிறகு வராது.

மேடை வகைகளையும் படம் பார்த்து மட்டும் படிக்காதீர்கள். படச்சட்ட மேடையில் பார்வையாளர் எல்லோரும் ஒரே பக்கம் இருக்கிறார்கள், சட்டத்துக்குள் ஒரு படத்தைப் பார்ப்பது போல. மூன்று பக்கம் பார்வையாளர் சூழ்ந்த மேடையில் நடிகர் ஒருவருக்கு முகம் காட்டினால் இன்னொருவருக்கு முதுகு காட்டுகிறார். வட்ட அரங்கில் நாலு பக்கமும் ஆட்கள். அங்கே உயரமான அலமாரி ஒன்றை வைத்தால் யாரோ ஒரு பகுதியினருக்குக் காட்சியே மறைந்துவிடும், ஆகவே காட்சியமைப்பு தரையோடும் கைப்பொருளோடும் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு வகையைப் பற்றியும் 'இங்கே இரகசியம் பேசும் இருவரை எங்கே நிறுத்துவேன்?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலிலேயே மூன்று வகைகளின் வேறுபாடும் வந்துவிடும்.

அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்துக்குச் சொன்ன ஆறு கூறுகளும் பாடத்திட்டத்தில் கட்டாயம் இருக்கும்: கதைக்கோப்பு, பாத்திரம், கருத்து, மொழி, இசை, காட்சி. கதைக்கோப்பை முதலிலும் காட்சியைக் கடைசியிலும் அவர் வைத்தார். அந்த வரிசையை நான் முழுதும் ஏற்பதில்லை. அவர் முதலில் வைத்த கதைக்கோப்பு வாசிப்பிலேயே புலப்படும் என்பது உண்மைதான். ஆனால் பார்வையாளராக அரங்கில் உட்காரும்போது முதலில் நம்மிடம் வருவது காட்சியும் ஒலியும்தான். ஆகவே இந்த ஆறையும் தரவரிசையாகக் கொள்ளாமல், குறிப்பு எழுதும்போது எதையாவது விட்டுவிட்டோமா என்று சரிபார்க்கும் ஆறு கேள்விகளாகப் பயன்படுத்துங்கள்.

பிரதியை வாசிக்கும் முறை

நாடகப் பிரதியை நாவல் போல வாசித்தால் அது வறண்டுதான் இருக்கும். யார் பேசுகிறார், அடுத்து யார் பேசுகிறார் என்று பெயர்களும் வசனங்களுமாகக் கிடக்கிற அந்தப் பக்கங்கள் ஒரு நிகழ்வுக்கான குறிப்புகள். அவற்றை நிகழ்வாக்கும் வேலையை வாசகர்தான் மனதுக்குள் செய்ய வேண்டும். அதற்கு முதல் வழி மேடைக் குறிப்புகளைத் தாண்டிப் போகாமல் இருப்பது. இரண்டாவது வழி, ஒரு காட்சியையாவது இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாய்விட்டு வாசிப்பது.

மேடைக் குறிப்பில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரு தொடக்கத்தை அருகிலிருந்து பார்ப்போம். 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் முதன்முதலில் மேடையேறிய, நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' பெரும்பாலான அறிமுகப் பாடங்களில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். நோரா கை நிறையப் பொட்டலங்களோடு வீட்டுக்குள் வருகிறாள். கூடவே மரத்தைத் தூக்கி வந்த ஆளுக்குக் கூலி அரை குரோன். அவள் ஒரு குரோனைக் கொடுத்து மிச்சத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். பையிலிருந்து மக்ரூன் என்ற இனிப்பை எடுத்து ஒன்றிரண்டு தின்கிறாள். பிறகு சத்தமில்லாமல் நடந்து போய், கணவனின் அறைக் கதவில் காதை வைத்துக் கேட்கிறாள். அவன் உள்ளிருந்து செல்லமாக ஒரு பறவையின் பெயரைச் சொல்லி அழைக்கிறான். வாங்கி வந்ததைப் பார்க்க அவனை வெளியே வரச் சொல்வதற்கு முன், இனிப்புப் பையை மறைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்கிறாள்.

முக்கியமான உரையாடல் எதுவும் இன்னும் தொடங்கவில்லை. ஆயினும் பணத்தை அவள் கையாளும் விதம் தெரிந்துவிட்டது, அந்த வீட்டில் அவளுக்கு ஒரு தடை இருப்பதும் அதை அவள் மீறுவதும் தெரிந்துவிட்டன, மீறியதை மறைக்கப் பழகியவள் என்பதும் தெரிந்துவிட்டது. பின்னால் வெளிவரப் போகிற பெரிய இரகசியமும் பணத்தைப் பற்றியதுதான், மறைத்து வைத்ததுதான். வாயைத் துடைத்துக்கொள்ளும் அந்த ஒரு கைச்செயலில் நாடகம் முழுவதும் சிறிய உருவில் இருக்கிறது. வசனத்தை மட்டும் வாசித்துக்கொண்டு போகிறவருக்கு இது கண்ணிலேயே படாது.

ஒவ்வொரு பிரதியிலும் முதல் இரண்டு பக்கங்களை இப்படி நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். ஓரத்தில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இந்தக் கணத்தில் இந்தப் பாத்திரத்துக்கு என்ன வேண்டும், அதற்கு எது தடை, அதைப் பெற அது என்ன செய்கிறது. ரஷ்ய நெறியாளர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி நடிகர்களுக்குக் கற்றுக்கொடுத்த முறையின் மையம் இந்த 'என்ன வேண்டும்' என்ற கேள்விதான். வாசகருக்கும் அதே அளவு பயன்படும். வசனம் சொல்வது ஒன்றாகவும் பாத்திரம் விரும்புவது வேறாகவும் இருக்கிற இடம் வந்தால் அங்கே ஒரு கோடிடுங்கள். தேர்விலும் விமர்சனத்திலும் நீங்கள் எழுதப் போகிற நல்ல வாக்கியங்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டிலிருந்தே வரும்.

வாசித்த பிரதி ஒன்றாக இருந்தாலும் மேடையில் அது ஒன்றாகவே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரஷ்ய நாடகாசிரியர் செகாவ் தம் 'செர்ரித் தோட்டம்' நாடகத்தை நாலு அங்க நகைச்சுவை நாடகம் என்றே குறித்திருந்தார். 1904இல் மாஸ்கோ கலை அரங்கில் அதை நெறிப்படுத்திய ஸ்தானிஸ்லாவ்ஸ்கி அதைத் துயர நாடகமாகக் கண்டார். செகாவுக்கு அதில் வருத்தம் இருந்தது. எழுதியவர் உயிரோடு பக்கத்தில் இருக்கும்போதே இப்படி நடந்திருக்கிறது. ஆகவே 'பிரதியில் இருந்தது போல மேடையில் இல்லை' என்று எழுதினால் அது விமர்சனத்தின் தொடக்கம் மட்டும்தான். எதை மாற்றினார்கள், மாற்றியதால் என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்று தொடர்ந்தால்தான் அது முழுமையாகும்.

வரலாற்றை வெளிச்சத்தின் வழியே படியுங்கள்

அரங்க வரலாற்றுப் பகுதியில் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளைச் சில வாரங்களில் கடக்க வேண்டியிருக்கும். பெயர்களும் ஆண்டுகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுவது இயல்பு. நான் மாணவர்களுக்குச் சொல்லும் எளிய வழி, எந்தக் காலத்தைப் படித்தாலும் 'வெளிச்சம் எங்கிருந்து வந்தது?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போவது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் நடிப்பு, எழுத்து, கட்டடம் மூன்றும் ஏன் அப்படி இருந்தன என்பது தெளியத் தொடங்கும்.

கிரேக்கத்தில் வெளிச்சம் சூரியன். எபிடாரஸ் அரங்கம் போன்ற திறந்தவெளிச் சரிவுகளில் ஏறத்தாழ 14,000 பேர் உட்கார முடிந்தது. கடைசி வரிசையில் இருப்பவருக்கு நடிகரின் புருவம் தெரியாது. முகமூடி தெரியும், கையின் பெரிய அசைவு தெரியும், சேர்ந்து பாடி ஆடும் குழு தெரியும். ஷேக்ஸ்பியரின் குழு 1599இல் கட்டிய குளோப் அரங்கிலும் பகல் வெளிச்சம்தான். நள்ளிரவுக் காட்சியைப் பிற்பகல் வெயிலில் நடத்த வேண்டியிருந்ததால், இருட்டாக இருக்கிறது, குளிராக இருக்கிறது, யார் அங்கே என்று நடிகர்கள் வாயால் சொல்லியே இரவை உண்டாக்கினார்கள். 'ஹேம்லட்' நாடகத்தின் தொடக்கத்தில் காவலர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கேட்டு அதட்டுவது ஏன் என்று இப்போது விளங்கும். அந்த அரங்கமே 1613இல் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது சுட்ட பீரங்கியின் பொறி கூரை வேய்ந்த புல்லில் பட்டு எரிந்து போனது.

விளக்கு வெளிச்சத்தில் ஆடிய மரபு எவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தது என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் காட்டுவேன். இருபத்துநான்கு விரல் அளவுள்ள கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்கை அளந்து சொல்லும் அந்தப் பகுதி, இரண்டு வாயில்களையும் மூன்று வகைத் திரைகளையும் சொல்வதோடு, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாமல் புறத்தே போகும்படி விளக்கை வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நிழல் எங்கே விழுகிறது என்று கவலைப்படுகிறவர் மேடையை நன்றாக அறிந்தவராகத்தான் இருக்க முடியும். இன்றைய ஒளியமைப்பாளரும் ஒத்திகையின்போது மேடைக்கும் இருக்கைக்கும் நடந்து நடந்து பார்ப்பது இதே நிழலைத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எரிவாயு விளக்கும், அதன்பின் மின்விளக்கும் வந்தன. லண்டனின் சவாய் அரங்கம் 1881இல் முழுக்க மின்விளக்கால் ஒளிபெற்றது. அதற்குச் சற்று முன்னர், 1876இல், ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வாக்னர் தம் இசை நாடகங்களுக்காகக் கட்டிய அரங்கில் பார்வையாளர் பகுதியை இருட்டாக்கினார். அதுவரை பார்வையாளர்கள் மேடையைப் பார்த்த அளவுக்கு ஒருவரையொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருட்டில் உட்கார்ந்து வெளிச்சத்தை நோக்குவது என்ற, இன்று நாம் இயல்பு என்று நினைக்கிற பழக்கம் அவ்வளவு பழையதன்று. வாயைத் துடைத்துக்கொள்ளும் நோராவின் சிறு அசைவு நாடகமாக முடிந்ததற்கும், நடிகரின் முகத்தை அவ்வளவு துலக்கமாகக் காட்டும் வெளிச்சம் மேடைக்கு வந்துவிட்டதற்கும் தொடர்பு உண்டு. பிறகு ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் வந்து விளக்குகளைப் பார்வையாளர் கண்ணில் படும்படியே தொங்கவிட்டார். நீங்கள் பார்ப்பது ஒரு நாடகம், அதில் கரைந்து போகாமல் யோசித்துக்கொண்டே பாருங்கள் என்பது அவர் விரும்பிய நிலை.

மறுமலர்ச்சிக் கால இத்தாலி, ஜப்பானின் 'நோ' என்னும் மரபு நாடகம், பிரெஞ்சுச் செவ்வியல் நாடகம் என எந்தத் தலைப்பு வந்தாலும் இதே கேள்வியோடு நுழையுங்கள். ஆண்டுகளை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு காலத்துக்கும் நங்கூரம் போல ஓர் ஆண்டு போதும்.

அரங்குக்குப் போவது

நாடகம் பார்க்கப் போகும் நாளை வேறு வேலைகளோடு நெருக்கிப் போடாதீர்கள். பிரதி பாடத்தில் இருந்தால் முன்னரே வாசித்துவிட்டுப் போங்கள். கதை தெரிந்துவிட்டால் சுவை கெடும் என்று அஞ்ச வேண்டாம். கிரேக்கத் தொன்மத்தில் வரும் ஈடிபஸ் மன்னனின் கதையை முன்பே அறிந்த மக்களுக்காகத்தான் கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸ் அவனைப் பற்றிய நாடகத்தை எழுதினார். அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்பதிலிருந்தே அந்த நாடகத்தின் பதைப்பு முழுவதும் பிறக்கிறது. பிரதி கையில் இல்லையென்றால், கதைச்சுருக்கத்தைத் தேடாமல் வெறுமனே போவது மேல்.

இருபது நிமிடம் முன்னதாக உள்ளே போய் உட்காருங்கள். பெரும்பாலோர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரம் உங்களுக்கு மிகப் பயனுள்ளது. முன்திரை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? மேடையில் பொருட்கள் இருந்தால் அவை யாருடைய வீட்டுப் பொருட்கள் போலத் தெரிகின்றன, எது தேய்ந்திருக்கிறது, எது புதிது? எத்தனை வழிகள் உள்ளே வருவதற்கு இருக்கின்றன? உங்கள் இருக்கையிலிருந்து எது மறைகிறது? இவற்றை நாடகம் தொடங்குவதற்கு முன்பே எழுதி முடித்துவிட்டு, கைப்பேசியை அணைத்துவிடுங்கள். அதிர்வில் வைப்பது போதாது. திரையின் ஒளி பின் வரிசையிலிருந்து பார்த்தால் விளக்குத் திரி போலத் தெரியும், மேடையில் நிற்பவருக்கும் தெரியும்.

நாடகம் நடக்கும்போது குறிப்பு எழுதுவது பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மாணவனாக இருந்தபோது முதன்முதலில் விமர்சனத்துக்காகப் பார்த்த நாடகத்தில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே இருந்தேன். இறுதிக் காட்சியில் அரங்கம் முழுவதும் ஒரே மூச்சாக உள்ளிழுத்த ஓசை கேட்டுத் தலை நிமிர்ந்தபோது, நிகழ்ந்தது நிகழ்ந்து முடிந்திருந்தது. அது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதிலிருந்து, நாடகம் ஓடும்போது எழுதுவதில்லை. இடைவேளையில் ஐந்து நிமிடம், முடிந்தவுடன் அரங்க வாசலிலேயே பதினைந்து நிமிடம், தூங்கப் போவதற்குள் அரை மணி நேரம் என்று எழுதுங்கள். நண்பரோடு பேசுவதற்கு முன்பு எழுதுவது முக்கியம். பேசிவிட்டால் அவருடைய நாடகமும் உங்களுடையதும் கலந்துவிடும்.

எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திகைத்தால் ஒரே ஒரு நடிகரை ஒரு காட்சி முழுவதும் விடாமல் பாருங்கள், குறிப்பாக அவர் பேசாதபோது. பேசுபவரை நோக்கிக் கண் போவது இயற்கை. கேட்டுக்கொண்டிருப்பவரிடம்தான் நடிப்பின் தரம் தெரியும். நாட்டிய சாத்திரம் நடிப்பை உடலால் வருவது, பேச்சால் வருவது, உடை ஒப்பனையால் வருவது, உள்ளத்திலிருந்து மெய்யில் தோன்றுவது என்று நான்காகப் பிரிக்கிறது. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. மெய்யிலே படுவதால் மெய்ப்பாடு என்ற அந்தச் சொல்லே ஒரு நல்ல கருவி. 'அவர் சோகமாக நடித்தார்' என்று எழுத வந்த கையை நிறுத்தி, சோகம் அவர் மெய்யில் எங்கே பட்டது என்று கேளுங்கள். தோளிலா, குரலின் வேகத்திலா, ஒரு பொருளை வைத்துவிட்டு எடுக்க மறந்த விரல்களிலா?

இதற்கு மறக்க முடியாத ஒரு சான்று பிரெக்ட்டின் 'துணிச்சல் தாய்' நாடகத்தில் இருக்கிறது. 1949இல் பெர்லினில் ஹெலன வைகல் அந்தத் தாயாக நடித்தார். மகனைச் சுட்டுக் கொல்லும் துப்பாக்கி ஒலி வெளியிலிருந்து கேட்கிறது. அவர் உட்கார்ந்தபடியே தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயை முழுதாகத் திறந்தார். ஓசை எதுவும் வரவில்லை. அலறலின் உருவம் மட்டும் அங்கே இருந்தது, அலறல் இல்லை. உரக்கக் கதறியிருந்தால் பார்வையாளர் அவரோடு சேர்ந்து அழுதுவிட்டு ஆறியிருப்பார்கள். ஓசையில்லாத அந்த வாய், அழுகையை அவர்களிடமே விட்டுவிட்டது. இப்படி ஒரு கணத்தை விவரித்து, அது ஏன் வேலை செய்தது என்று இரண்டு வாக்கியம் சொல்ல முடிந்தால் இந்தப் பாடத்தின் பெரும்பகுதி உங்கள் கைக்கு வந்துவிட்டது.

விமர்சனம் எழுதுவது

ஜெர்மன் கவிஞர் கத்தேயின் பெயரால் வழங்கும் மூன்று கேள்விகளை இந்தப் பாடத்தில் கேட்பீர்கள்: கலைஞர் என்ன செய்ய முயன்றார், அதை எவ்வளவு நன்றாகச் செய்தார், அது செய்யத் தக்கதா? மாணவர்கள் மூன்றாவது கேள்வியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். முதல் கேள்விக்குக் குறைந்தது பாதிக் கட்டுரையை ஒதுக்குங்கள். நகைச்சுவைக் கூத்தாக அமைத்த ஒன்றில் ஆழமான பாத்திரப் படைப்பு இல்லை என்று குறை சொல்வதும், நடப்பியல் நாடகத்தில் நிறமும் ஆட்டமும் போதவில்லை என்று குறை சொல்வதும் முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்ததால் வருகிற தவறுகள்.

கதைச்சுருக்கத்தை நாலைந்து வரிக்கு மேல் போகவிடாதீர்கள். ஆசிரியருக்குக் கதை தெரியும். உங்கள் கண் வழியாக அந்த மாலை எப்படி இருந்தது என்பதுதான் அவருக்குத் தெரியாதது. ஒரு மாணவி முதல் வரைவில் எழுதிய வாக்கியம் இது: 'ஒளியமைப்பு மிகவும் அருமையாக இருந்தது, கதைக்கு வலு சேர்த்தது.' எந்த நாடகத்துக்கும் பொருந்தும் வாக்கியம் இது, ஆகவே எந்த நாடகத்தைப் பற்றியும் எதையும் சொல்லவில்லை. என்ன கண்டாய் என்று மட்டும் கேட்டு அனுப்பினேன். அடுத்த வரைவில் இப்படி இருந்தது: 'கடைசிக் காட்சியில் தாய் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மற்ற விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கி, மேசைக்கு மேலிருந்த விளக்கு மட்டும் நின்றது. அவள் கை அந்த வெளிச்ச வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. முகம் இருட்டுக்குள் போய்விட்டது. மகன் விடைபெறுவதை அவள் முகத்தில் பார்க்க நான் காத்திருந்தேன். எனக்குக் கிடைத்தது அந்தக் கை மட்டும்தான்.' இதில் 'அருமை' என்ற சொல்லே இல்லை. படித்தவுடன் அந்த ஒளியமைப்பாளரைப் பாராட்டத் தோன்றுகிறது.

காட்சியமைப்பு, உடை, ஒலி, ஒளி, நடிப்பு, நெறியாள்கை என்று எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பத்தி ஒதுக்கும் பழக்கத்தை விடுங்கள். அந்த நாடகத்தில் எது அதிகம் உழைத்ததோ அதற்கு இரண்டு பக்கம் கொடுங்கள், மற்றதை ஒரு வரியில் கடந்து போங்கள். வெற்று மேடையில் சாதாரண உடையோடு நடந்த நாடகத்தில் உடையைப் பற்றி ஒரு பத்தி எழுதத் திணறுவதில் பயனில்லை. ஏன் வெற்று மேடையைத் தேர்ந்தார்கள் என்பதுதான் அங்கே கேள்வி.

உங்களுக்குப் புரியாத நாடகம் வந்தால் புரியவில்லை என்று எழுதத் தயங்காதீர்கள், ஆனால் எந்த இடத்தில் பிடி நழுவியது என்பதைச் சுட்டுங்கள். அயர்லாந்து எழுத்தாளர் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' 1953இல் பாரிஸில் மேடையேறியபோது படித்த பார்வையாளர்கள் பலரே குழம்பினார்கள். 1957இல் அதே நாடகம் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் ஏறத்தாழ 1,400 கைதிகள் முன் நடந்தது. அவர்களுக்கு அது விளங்கியது. காத்திருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாடகத்தைச் சந்திக்க நீங்கள் எதை எடுத்துக்கொண்டு வந்தீர்கள் என்பதும் விமர்சனத்தில் இடம்பெறலாம், அளவோடு.

குழுக் காட்சியும் கேள்வி நேரமும்

குழுவாக ஒரு காட்சி செய்யச் சொன்னால், நடிக்கக் கூச்சப்படுகிறவர்கள் மேடை மேலாளர் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். யார் எப்போது எங்கிருந்து வருகிறார், எந்தச் சொல்லில் விளக்கு மாறுகிறது, எந்தப் பொருள் எந்தக் கையில் இருக்க வேண்டும் என்பதைப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதி, ஒவ்வொரு ஒத்திகையிலும் திருத்திக்கொண்டே போகும் வேலை அது. ஐந்து நிமிடக் காட்சிக்கே எத்தனை முடிவுகள் தேவைப்படுகின்றன என்பதை வேறு எந்தப் பொறுப்பும் இவ்வளவு தெளிவாகக் கற்றுக்கொடுக்காது. பென்சில்தான் வேண்டும், பேனாவால் எழுதினால் மூன்றாம் ஒத்திகையில் பக்கம் படிக்க முடியாததாகிவிடும்.

நாடகம் முடிந்தபின் கலைஞர்களோடு உரையாடும் வாய்ப்பு அமைந்தால் தவறாமல் இருங்கள். 'இந்த நாடகத்தின் மூலம் என்ன சொல்ல வருகிறீர்கள்?' என்ற கேள்விக்கு அவர்கள் பலமுறை சொல்லிப் பழகிய பதில்தான் கிடைக்கும். நீங்கள் கண்ட ஒன்றைக் கொண்டு கேளுங்கள்: இரண்டாம் காட்சியில் நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது, அதைக் கடைசிவரை யாரும் திருப்பி வைக்கவில்லை, அது எந்த ஒத்திகையில் அப்படி ஆயிற்று? இப்படிக் கேட்டால் நெறியாளர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்காருவார், நடிகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், யாராவது ஒருவர் 'அது முதலில் தற்செயலாக நடந்தது' என்று தொடங்குவார். அப்போது குறிப்பேட்டைத் திறந்துகொள்ளலாம்.